சிறப்புப் பிரதிகள்

சிவாஜினியின் முதல் ஆல்பம் ஒரு வெள்ளிக்கிழமை வெளிவந்தது. அடுத்த வியாழக்கிழமையோடு அவளுடைய இசைத்தட்டு வாழ்க்கை முடிந்துவிட்டது. முடித்தவர்கள் எதிரிகள் இல்லை. எல்லோரும் அவளுக்குப் பொன்னாடை போர்த்தியவர்கள்.

அவள் பாடுவது கன்ட்ரி. நெடுஞ்சாலை, வறண்ட நிலம், விட்டுப்போன புருசன் என்று வெள்ளைக்காரர் பாடுகிற பாட்டு. ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு இது எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். பதில் சின்னது. அவளுடைய ஆறு வயதில் குடும்பம் அகதியாக ஆஸ்திரேலியாவில் மில்டூரா என்ற ஊருக்கு வந்தது. அப்பா அருந்தவன் திராட்சைத் தோட்டத்தில் வேலை. அம்மா தோடம்பழம் தரம் பிரிக்கிற கொட்டகையில். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் அந்தக் கொட்டகையில் பெட்டிகளுக்கு மேல் இருந்து வீட்டுப்பாடம் செய்வாள். அங்கே இருந்த ரேடியோவில் ஒரு நிலையம்தான் இழுக்கும். அது நாள் முழுக்கக் கன்ட்ரி போட்டது. அவ்வளவுதான். நாதஸ்வரம் போட்டிருந்தால் நாதஸ்வரம் வாசித்திருப்பாள்.

நான் அவளுடைய குழுவில் ஸ்டீல் கித்தார் வாசிக்கிறவன். மடியில் படுக்கவைத்து, இரும்புத் துண்டு ஒன்றால் கம்பியை வழுக்கி வாசிக்கிற வகை. மற்றபடி மெல்பர்னில், டண்டினோங் பக்கம் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் இரவு வேலை. பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தில் விட்டேன். அதில் சொல்லத் தகுந்தது ஒன்றும் இல்லை.

எங்கள் முதல் பதிவு பக்கென்ஹாமில் ஒரு கராஜில் நடந்தது. ஐந்து பாட்டு. மழை வந்தால் தகரக் கூரை சத்தம் போடும், நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். அதை வாங்கியவர்கள் எங்களுக்குத் தெரிந்தவர்கள் மட்டும். இரண்டாவது ஒரு தனிப்பாட்டு. அதை ஒரு சமூக வானொலி காலையில் சில தடவை போட்டது. பிறகு டாம்வர்த் கன்ட்ரி விழாவுக்குப் போய் வீதியோரத்தில் நின்று பாடினோம். அங்கேதான் கிரெய்க் வந்தான். ‘பாடக்’ என்று ஒரு சின்ன இசைத்தட்டு நிறுவனம் வைத்திருந்தான். மூன்று பாட்டுக்கு அசையாமல் நின்று கேட்டான். பிறகு, பெயரை ஜீனி என்று வைத்துக்கொண்டால் வானொலிக்காரர்களுக்குச் சுலபம் என்றான்.

சிவாஜினி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்:

"என்ர பேரைச் சொல்லப் பஞ்சிப்படுறவன் என்ர பாட்டைக் கேட்டு என்ன கிழிக்கப் போறான்?"

கிரெய்க்குக்கு ஆங்கிலத்தில் மரியாதையாக மறுத்தாள். அவனும் விட்டுவிட்டான். மோசமான ஆள் இல்லை. கணக்குப் பார்க்கிற ஆள்.

அவன் தந்த ஒப்பந்தம் தெளிவாக இருந்தது. ஒரு ஆல்பம் பதிவு செய்வார்கள். வெளிவந்த முதல் வாரத்தில் அது நாட்டின் கன்ட்ரி தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்தால் இரண்டாவது ஆல்பத்துக்கும் நிறுவனம் செலவழிக்கும். வராவிட்டால் அதோடு சரி. பதிவான பாட்டுகள் நிறுவனத்திடம் இருக்கும். ஐந்து வருடத்துக்கு அவள் அவற்றைத் திரும்பப் பதிவு செய்யக் கூடாது. கன்ட்ரி தரவரிசையில் பத்துக்குள் வருவதற்குப் பெரிய கூட்டம் தேவையில்லை. சில நூறு பேர் ஒழுங்காக வாங்கினால் போதும். இரண்டாவது ஆல்பத்துக்கான பாட்டுகள் அவளிடம் ஏற்கனவே இருந்தன. முதலாவதை விட நல்ல பாட்டுகள். அவளுக்கு வயது முப்பத்துநான்கு. காலையில் ஒரு கிளினிக்கில் ஆட்களுக்கு ஊசி குத்தி இரத்தம் எடுக்கிற வேலை. இன்னொரு கிரெய்க் வரமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும்.

ஆல்பம் வரப்போகிற செய்தியை அவள் அப்பாவுக்குச் சொன்னபோது நானும் இருந்தேன். அருந்தவன் அங்கிள் இப்போது கிரான்பர்ன் பக்கம் பஸ் ஓட்டுகிறார். குடும்பம் மில்டூராவை விட்டு மெல்பர்ன் வந்த வருடமே அம்மா செத்துப்போனார். அங்கிள் ஆல்பத்தின் அட்டையில் இருந்த படத்தைப் பார்த்தார். தொப்பி போட்டு, வேலியில் சாய்ந்து நிற்கிற மகள்.

"தொப்பி நல்லாத்தான் இருக்கு" என்றார். "அப்ப வெளியீட்டு விழா எங்க வைக்கிறது?"

"அப்பா, அது தானா வெளிவரும். கடையில, ஒன்லைன்ல. விழா ஒண்டும் தேவையில்லை."

"வெள்ளைக்காரன் வெளியிடுறது ஒரு பக்கம் கிடக்கட்டும் பிள்ளை. எங்கட சனத்துக்கு முன்னால ஒருக்கா வெளியிட வேணும். முறையெண்டு ஒண்டிருக்கு."

இந்த முறையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இருபது வருடமாக அங்கிள் போகாத அரங்கேற்றம் மெல்பர்னில் இல்லை. நடனம், வயலின், மிருதங்கம், யாரோ எழுதிய கவிதைப் புத்தகம், எல்லாவற்றுக்கும் போவார். ஆளுயரக் குத்துவிளக்கு ஏற்றுவதிலிருந்து கடைசி நன்றியுரை வரை கதிரையை விட்டு எழும்பமாட்டார். பெயர் கூப்பிடும்போது மேடைக்குப் போய், காசு வைத்த என்வலப்பைக் கொடுத்து, சிறப்புப் பிரதியை வாங்கி, படத்துக்கு நின்றுவிட்டு இறங்குவார். பிறகு அந்தப் புத்தகமோ, இறுவட்டு என்கிற சிடியோ கண்ணாடி அலுமாரிக்குள் போகும். சுற்றியிருக்கிற பொலித்தீனைக்கூட உரிக்கமாட்டார். யாரும் உரிப்பதில்லை. போனதும் கொடுத்ததும்தான் விசயம். இப்படி ஊர் முழுக்கப் போய்வந்த மனிதருக்கு, ஊர் திரும்பி வர ஒரு விழாவும் வாய்க்கவில்லை. மகள் மேடை ஏறினாள்தான். ஆனால் அது பப் மேடை. பப்புக்கு யாரைக் கூப்பிடுவது?

சிவாஜினி அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தாள். ஒரு காரணம் கணக்கும்தான். மண்டபம் நிறையச் சனம் வந்து ஆளுக்கு ஒன்று வாங்கினால் முதல் பத்து நிச்சயம். கிரெய்க்கிடம் சொன்னாள். அவன் துள்ளினான். பெட்டி பெட்டியாக இறுவட்டுகளை அனுப்பினான். கூடவே ஒரு சின்ன ஸ்கானர். நிகழ்ச்சிகளில் விற்பது தரவரிசைக்குச் சேர வேண்டுமென்றால் ஒவ்வொரு ஆளும் தன் கார்டால் தானே வாங்க வேண்டும், ஒவ்வொரு தட்டையும் அந்த இடத்திலேயே ஸ்கான் பண்ண வேண்டும். அதை நான் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

விழா சனிக்கிழமை பின்னேரம் மல்கிரேவில் ஒரு மண்டபத்தில். நான் வாசலில் மேசை போட்டு, தட்டுகளை அடுக்கி, ஸ்கானரை வைத்துக்கொண்டு இருந்தேன். ஊர்ச் சங்கத் தலைவர் வரதராஜா வந்தார். வேட்டி, சால்வை, நெற்றி நிறைய விபூதி.

"தம்பி, இதென்ன கடை?"

"இறுவட்டு விக்கிறதுக்கு அங்கிள். இதில வாங்கினாத்தான் கணக்கில வரும்."

"விளக்கு ஏத்த முன்னம் வாசல்ல நிண்டு சனத்திட்டக் காசு வாங்கிறதோ? உது என்ன மார்க்கட்டே? எடு ராசா, எடு. எல்லாம் மேடையில முறையாக் குடுக்கிறது."

"கார்டு தட்டினா ஒரு நிமிசம்தான் அங்கிள்."

"கார்டோ! அருந்தவன், இஞ்ச வந்து பார் இந்தக் கூத்தை."

அருந்தவன் அங்கிள் வந்தார். மேசையைப் பார்த்தார். அவருடைய முகம் சுருங்கியது. நான் எழும்பிப் போய் உள்ளே சேலை கட்டிக்கொண்டிருந்த சிவாஜினியைக் கூட்டிவந்தேன்.

"அப்பா, ஏற்கனவே சொன்னனானெல்லோ."

"இண்டைக்கு ஒரு நாள் என்ர சொல்லைக் கேள் பிள்ளை. சபைக்கு முன்னால என்னைச் சில்லறைக் கடைக்காரன் ஆக்காத."

அவள் என்னைப் பார்த்தாள். "விடடா. விழா முடிய எல்லாரையும் மறிச்சு ஸ்கான் பண்ணுவம்."

மேசையை மடித்தேன்.

விளக்கேற்றினார்கள். அகவணக்கம். வரவேற்புரை. தலைமையுரை. பிரதம விருந்தினரான பல் வைத்தியர் தமிழரின் இசைப் பாரம்பரியம் பற்றிச் சங்ககாலத்திலிருந்து தொடங்கி வந்தார். அவர் மில்டூராவை அடையவே இல்லை. பிறகு முதற்பிரதி. பிறகு சிறப்புப் பிரதிகள். அங்கிளின் இருபது வருடமும் அன்றைக்கு வரிசையில் நின்றது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, குடும்பம் குடும்பமாக மேடை ஏறி, என்வலப்பைக் கொடுத்துத் தட்டை வாங்கிப் படம் எடுத்தார்கள். சிலர் சொந்தக்காரருக்கும் சேர்த்து ஐந்து, பத்து என்று வாங்கினார்கள். அங்கிள் ஒவ்வொருவருடைய கையையும் இரண்டு கையாலும் பிடித்தார். அந்த மனிதர் அவ்வளவு சந்தோசமாக இருந்து நான் பார்த்ததில்லை.

பாடுவதற்கு எங்களுக்கு இரண்டு பாட்டு அளவு நேரம் கிடைத்தது. அவள் ‘செக்கன்ட் கிரேட்’ பாடினாள். தோலில் தழும்பு இருக்கிற தோடம்பழத்தைப் பிழிவதற்கு ஒதுக்குகிற அம்மாவைப் பற்றிய பாட்டு. அதைக் கேட்டு டாம்வர்த்தில் ஒரு லொறிச் சாரதி அழுததைப் பார்த்திருக்கிறேன். இங்கே இரண்டாவது சரணத்தில் பின்பக்கம் சாப்பாட்டுக் கதவைத் திறந்தார்கள். சனம் எழும்பியது. ஸ்கானரோடு வாசலுக்கு ஓடினேன். ஒரு கையில் இறுவட்டும் மற்றக் கையில் ரோல்ஸும் வைத்திருக்கிறவனை யாரும் மறிக்க முடியாது. என்னிடம் நின்றது பதினைந்து பேர் இருக்கும். மிச்சப்பேர், "நாங்கள் மேடையில குடுத்திட்டம் தம்பி" என்று சொல்லிக்கொண்டு காரடிக்குப் போனார்கள்.

பெட்டி முழுக்கக் காலி. முந்நூறுக்கு மேல்.

திங்கட்கிழமை கிரெய்க் தொலைபேசியில் எடுத்தான். பெட்டிகள் காலி என்கிறீர்கள், பதிவில் பதினைந்துதான் இருக்கிறது, என்ன நடந்தது என்று கேட்டான். அவள் விளக்கினாள். என்வலப் என்பதை ஒரு வெள்ளைக்காரனுக்கு விளக்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது வேலை செய்யவில்லை. "அப்படியென்றால் அது விற்பனை இல்லை, அன்பளிப்பு" என்றான். சரியாகத்தான் சொன்னான். ஆனால் வழி இருந்தது. வியாழக்கிழமை இரவு வரைக்கும் வாரம் ஓடும். அந்த ஆட்களில் ஒரு பகுதிப்பேர் ஒன்லைனில் ஆல்பத்தை ஒரு தடவை வாங்கினாலே போதும்.

அன்று பின்னேரமே கிரான்பர்னுக்குப் போனோம். அங்கிள் விழாப் படங்களை டிவியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவாஜினி நிதானமாகச் சொன்னாள். எது கணக்கில் வரும், எது வராது, வராவிட்டால் என்ன ஆகும், எல்லாம். அங்கிள் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"அப்ப சனம் வாங்கினது?"

"அது வாங்கினதாக் கணக்கில்லை அப்பா."

"முந்நூறு தட்டு. கண்ணுக்கு முன்னால வாங்கினவை."

"ஓம். கணக்கில்லை. நீங்கள் அவையின்ர நம்பரைத் தாங்கோ, நான் எடுத்துக் கதைக்கிறன். லிங்க் அனுப்பினா ரெண்டு நிமிச வேலை."

அங்கிள் அவசரமாகக் கையை உயர்த்தினார். "நீ எடுக்காத. நான் கூப்பிட்ட சனம். நீ எடுத்தா மரியாதையில்லை. நானே கதைக்கிறன்."

"கட்டாயம் கதைப்பியளோ? வியாழக்கிழமைக்கு முன்னம்."

"என்ன பிள்ளை, அப்பாவில நம்பிக்கையில்லையோ?"

செவ்வாய்க்கிழமை கேட்டாள். கதைத்துக்கொண்டிருக்கிறேன் என்றார். புதன்கிழமை கேட்டாள். "எல்லாரும் வாங்கிறம் எண்டவை, நீ யோசிக்காத" என்றார். கிரெய்க் ஒவ்வொரு நாளும் எண்ணிக்கை அனுப்பினான். என் களஞ்சியத்து ஆட்களும் அவளுடைய கிளினிக்கில் வேலை செய்கிறவர்களும் வாங்கியது தெரிந்தது. மண்டபத்துக்கு வந்த சனம் வாங்கியதாகத் தெரியவில்லை.

"அங்கிள் எடுக்கேல்லை எண்டு நினைக்கிறன்" என்றேன்.

"வாயை மூடு. சனம் சம்பளம் வந்தாப் பிறகு வியாழக்கிழமை வாங்கும்."

"சிவா, நானே வரதராஜா வீட்டுக்குப் போட்டு வாறன்."

"போனியெண்டா பிறகு என்ர முகத்தில முழிக்காத. அப்பா சொன்னாச் செய்வார். எனக்கு ஒருக்காலும் பொய் சொல்லேல்லை."

நான் போகவில்லை. அவளுடைய அப்பா. அவளுடைய ஆல்பம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளை வேலையிலிருந்து ஏற்றிக்கொண்டு கிரான்பர்னுக்குப் போனேன். அங்கிளின் வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தும்போது கிரெய்க் போனில் எடுத்தான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். பதினொன்றாவது இடம். பத்தாவதாக வந்தவனுக்கும் அவளுக்கும் இடையில் முப்பது பேர்கூட இல்லை. கிரெய்க் உண்மையாகவே வருத்தப்பட்டான். அவளுக்கென்று பிடித்து வைத்திருந்த ஸ்டூடியோ நாட்களைக் காலையில் குவீன்ஸ்லாந்துப் பெண் ஒருத்திக்குக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டாயிற்று என்றான். வாழ்த்துச் சொல்லிப் போனை வைத்தான். அவள் போனைப் பைக்குள் போட்டாள். பிறகு இறங்கினாள்.

அங்கிள் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். பஸ் உடுப்பு இன்னும் மாற்றவில்லை.

"வாங்கோ வாங்கோ. தம்பி, சீனி போடுறதெல்லோ?"

"அப்பா, எத்தினை பேருக்கு எடுத்தனீங்கள்?"

"எல்லாருக்கும்தான் எண்டு சொன்னனே."

"போனைத் தாங்கோ பாப்பம்."

அங்கிள் கரண்டியால் தேத்தண்ணியைக் கலக்கினார். கலக்கிக்கொண்டே இருந்தார்.

"ஒராளுக்காவது?"

"எப்பிடிப் பிள்ளை கேக்கிறது?" என்றார். குரல் மிகவும் மெதுவாக வந்தது. "குடும்பத்தோட வந்து, சபையில ஏறி, கையில தந்திட்டுப் போன சனம். அதுகளுக்குத் திரும்ப எடுத்து, நீங்கள் தந்தது செல்லாது, இன்னொருக்கா வாங்குங்கோ எண்டு... பிச்சை எடுக்கிற மாதிரியெல்லோ. ஒவ்வொரு நாளும் போனைக் கையில எடுத்தனான். வாய் வரேல்லை."

"வாய் வரேல்லையெண்டு என்னட்டச் சொல்லியிருக்கலாம். நான் கேட்டிருப்பன்."

"நீ கேக்கிறதையும் நான் விரும்பேல்லை."

"அப்ப பொய் சொன்னியள்."

அவர் கரண்டியைத் தொட்டிக்குள் வைத்தார்.

"முப்பது பேர் அப்பா. உங்கட முதல் வரிசையே போதும்."

அவர் மூன்று கோப்பைகளையும் மேசையில் வைத்தார். கை துடைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, எங்களுக்கு முன்னாலேயே வரதராஜாவுக்கு எடுத்தார். காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் கதைப்பார்.

"ஆர், தவனோ? சொல்லப்பா. விழா அந்த மாதிரி. இன்னும் சனம் அதைத்தான் கதைக்குது."

"அண்ணை, ஒரு சின்ன உதவி. கேக்கக் கூச்சமா இருக்கு."

"என்னட்டக் கேக்க என்ன கூச்சம், கேளன்."

"பிள்ளையின்ர பாட்டை... அந்தத் தட்டை ஒன்லைன்லயும் ஒருக்கா வாங்க வேணுமாம். அப்பத்தான் இவங்கட கணக்கில வருமாம். நீங்கள் ஏற்கனவே தந்தனீங்கள்தான், அது தெரியும்..."

"இதுக்கோ இவ்வளவு இழுக்கிறாய்! ராகவி, இஞ்ச வா பிள்ளை. சிவாஜினியின்ர பாட்டை உதில வாங்கு."

தூரத்தில் ஒரு சின்னப் பெண்ணின் குரல்: "Which one, அப்பப்பா? Oh, this one? Okay... done."

"முடிஞ்சுதாம்" என்றார் வரதராஜா. "இவ்வளவுதானோ? ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருந்தா முழுச் சனமும் வாங்கியிருக்குமே, விசரா. சங்கத்து குறூப்பில போடட்டோ இப்ப?"

அங்கிள் மகளைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடுங்கோ அண்ணை" என்றார்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய போன் டிங் டிங் என்று அடிக்கத் தொடங்கியது. வாங்கியாச்சு. வாங்கிட்டம் அண்ணா. கட்டைவிரல். கும்பிடு. எங்கள் தங்கைக்கும் அனுப்பினோம். சிட்னியில மச்சான் வாங்கிறாராம். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒருவர்கூட ஏற்கனவே தந்தோமே என்று எழுதவில்லை. திங்கட்கிழமை இந்த ஒரு அழைப்பு போயிருந்தால் அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்துக்குள் முப்பது பேர் வந்திருப்பார்கள்.

அங்கிள் போனை அவள் பக்கம் நீட்டினார். "பார் பிள்ளை. சனம் வாங்குது."

சிவாஜினி போனைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் அந்த மனிதருக்கு நல்லதாக இருந்திருக்கும். அவள் கோப்பையை எடுத்துத் தேத்தண்ணியைத் தொட்டிக்குள் ஊற்றி, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "வேலையிருக்கு அப்பா, போட்டு வாறன்" என்று சொல்லிக்கொண்டு காருக்குப் போனாள்.

நான் எழும்பினேன். அங்கிள் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, இது கணக்கில வருமெல்லோ?"

"இண்டைக்குத் தொடங்கின வாரக் கணக்கில வரும் அங்கிள். பிள்ளையின்ர கணக்கு நேற்றோட முடிஞ்சுது."

அவர் என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கியது. விளங்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, கதிரையை இழுத்து இருந்து, கண்ணாடியைப் போட்டு, அடுத்த எண்ணைத் தேடத் தொடங்கினார்.

"பல் டொக்டருக்கும் சொல்லிவிடுவம்" என்றார்.